அறுபது டிகிரி

தேன்மொழியைவிட அவருடைய மாணவர் சபாபதி இருபத்தைந்து வயது மூத்தவர். ஆசிரியை மாணவரை ‘சார்’ என்பார். மாணவர் ஆசிரியையை ‘டீச்சர்’ என்பார். மண்பாண்டப் பட்டறையில் அது எல்லோருக்கும் பழகிவிட்டது.

அன்று காலை மின்சூளையைத் திறந்தார்கள். உள்ளே இன்னொரு மாணவி பிலோமினாவின் பன்னிரண்டு தட்டுகள். ஸ்டோன்வேர் என்ற கல்பாண்ட மண்ணில் மூன்று மாதம் பாடுபட்டு அவர் செய்த முதல் செட்.

எல்லாத் தட்டுகளும் தொய்ந்து கிடந்தன. கொப்புளம் கொப்புளமாக உப்பியிருந்தன. மேலே பூசிய கிளேஸ் மெருகு வழிந்து சூளைப் பலகையோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

கீழ்ப் பலகை மூலையில் மூன்று போர்சலின் பீங்கான் கோப்பைகள் இருந்தன. சபாபதியுடையவை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் மறுபக்கத்து விரல் தெரிந்தது.

பிலோமினா ஒரு தட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, “எங்க தப்பு பண்ணேன் டீச்சர்?” என்றார்.

“சார்தான் சூளை போட்டாரு. அவரைக் கேளுங்க அக்கா.”

சபாபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கரண்ட்டு ஏற்ற இறக்கமா இருந்திருக்கும்மா.”

“அப்படின்னா உங்க கோப்பையும் போயிருக்கணுமே சார். அது முத்து மாதிரி வந்திருக்கு.” குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. உண்மையான வியப்பு. “என் கைதான் சரியில்ல. அம்பத்தி மூணு வயசுல இந்தக் கைக்கு சப்பாத்தி தேய்க்கத்தான் வரும்.”

ஏப்ரனைக் கழற்றி, மடித்து, தேன்மொழியிடம் கொடுத்தார். இனி வரப்போவதில்லை என்றார். தன் கருவிகளைக் கழுவக் குழாயடிக்குப் போனார்.

தேன்மொழி உளியையும் சுத்தியலையும் எடுத்துச் சபாபதியிடம் நீட்டினார்.

“பலகையைச் சுத்தம் பண்ணுங்க சார்.”

சபாபதி தரையில் உட்கார்ந்து ஒட்டிய தட்டுகளைப் பெயர்க்கத் தொடங்கினார். ஒவ்வொன்றும் உடைந்துதான் வந்தது. ஒரு தட்டின் அடியில் ‘பி’ என்று கீறியிருந்தது. அதன்மேல் உளியை வைக்க அவருக்குக் கை வரவில்லை.

“டீச்சர், ரெண்டு மண்ணையும் ஒண்ணா வெச்சா எந்தக் கணக்குல சுடணும்?”

“குறைவான சூடு தாங்குறதோட கணக்குல.”

“ஸ்டோன்வேருக்கு ஆயிரத்து இருநூத்தி இருபது டிகிரி போதும். போர்சலின் அதுல வேகாதே.”

“வேகலைன்னா இன்னொரு நாள் வைக்கலாம். உருகிப்போனதை என்ன பண்றது?”

சுத்தியல் உளிமேல் இரண்டு முறை விழுந்தது.

“நான்தான் மாத்தினேன்,” என்றார் சபாபதி. “சூளையில இடம் இருந்துச்சு. என் கோப்பையையும் வெச்சு, ஆயிரத்து இருநூத்தி எண்பதுன்னு போட்டேன். அறுபது டிகிரிதானேன்னு நெனச்சேன். முப்பது வருஷம் அனல்மின் நிலையத்துல இருந்தவன் டீச்சர் நான்.”

“தெரியும்.”

“எப்போ தெரியும்?”

“கோப்பையைப் பார்த்ததும்.”

“அவங்ககிட்ட ஏன் சொல்லல?”

“நான் மாத்தலையே சார்.”

மேஜைமேல் எடுத்து வைத்திருந்த மூன்று கோப்பைகளின் பக்கம் அவர் திரும்பவில்லை.

“பன்னிரண்டு தட்டையும் நானே செஞ்சு குடுத்துடறேன்.”

“உங்க கையாலயா?”

“பின்னே?”

“அவங்க கை போச்சுன்னு நெனச்சுட்டிருக்காங்க. நீங்க உங்க கையை எடுத்துட்டுப் போய்க் காட்டப் போறீங்க.”

வெளியே குழாய் நின்றது.

சபாபதி ஒரு கையைத் தரையில் ஊன்றிப் பாதி எழுந்தார். மறுபடி உட்கார்ந்துவிட்டார். “இப்பவே போய்ச் சொன்னா அடிச்ச மாதிரி இருக்கும். ஞாயித்துக்கிழமை வீட்டுக்குப் போறேன். முதல்ல நலம் விசாரிச்சு, மண்ணைப் பத்திக் கொஞ்சம் பேசி, அப்புறம் படிப்படியா விஷயத்துக்கு வந்தா...”

தேன்மொழி உளியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

“சூட்டைப் படிப்படியா ஏத்துறதெல்லாம் மண்ணுக்கு சார். அக்கா வண்டியை உதைக்கிறாங்க, காது கேக்கலையா?”