எழுந்து நின்ற மக்காச்சோளம்

பெரம்பலூர் குடோனிலிருந்து நாமக்கல் கோழித்தீவனக் கம்பெனிக்கு ஒரு லாரி ஓடியது. ஏற்றின மக்காச்சோளம் ஒருநாளும் முழுசாக இறங்கியதில்லை. அதை ஓட்டியவர் அழகுதுரை.

முதலாளி முன்னாலேயே குடோன் மேனேஜர் ராஜரத்தினம் சீறினார். “நாடு முழுக்கச் சேதாரம் குறையுதாம், உன் வண்டியில மட்டும் கூடுது! திருடலைன்னா தொலைஞ்ச சோளத்தைக் காட்டு. இல்லேன்னா வேலையை விட்டுப் போ!”

“ஒரு மழை பெய்யட்டுங்க. அதுவே எழுந்து நிக்கும்” என்றார் அழகுதுரை.

“சோளம் எழுந்து நிக்குமாம்!” மேனேஜர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மழை பெய்தது. அடுத்த வாரம் அழகுதுரை இருவரையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். சாலையோரம் நெடுகப் பச்சை. ஒவ்வொரு வேகத்தடையிலும் கொத்துக் கொத்தாய் மக்காச்சோள நாற்று. துறையூர் தாண்டியும் அது முடியவில்லை. அழகுதுரையே இவ்வளவை எதிர்பார்க்கவில்லை.

திரும்பி வந்து பார்த்தால், அந்தப் பச்சை குடோன் வாசலிலேயே தொடங்கியிருந்தது. உள்ளே, புதுசென்று கணக்கெழுதி மேனேஜர் வாங்கி அடுக்கிய சாக்கெல்லாம் எலி கடித்த பழசு.

“மேனேஜர், நீங்க உக்காந்து இதையெல்லாம் தைச்சு வைங்க” என்றார் முதலாளி. “அழகுதுரை, ஓரம் ஒதுங்காம ஓட்டுப்பா. பயிர் மிதிபடக் கூடாது.”