ஐந்து நாள் லீவு

"நாலு நாளாச்சுங்க. லீவு போட்டாச்சு, லீவுதான் இன்னும் வரலை," என்றார் மயிலானந்தன்.

கடற்கரை மணலில் உட்கார்ந்திருந்த ஜெர்லின் வேர்க்கடலை ஒன்றை உடைத்து வாயில் போட்டாள்.

அவர் சொன்னது கிறுக்குத்தனமாகத் தோன்றலாம். ஆனால் உண்மை.

நாமக்கல் பக்கம் ஒரு நூல் மில்லில் அவர் சூப்பர்வைசர். இருபத்தெட்டு வருஷம். கடைசி ஒரு வருஷமாகத் தூக்கம் கிடையாது. கண்ணை மூடினால் மிஷின் ஓடும். எங்கேயோ ஒரு நூல் அறுந்துவிட்டது போலிருக்கும். எழுந்து உட்கார்ந்துவிடுவார். ஐந்து நாள் எங்கேயாவது போய்ச் சும்மா இருங்கள், இல்லாவிட்டால் ஆள் விழுந்துவிடுவீர்கள் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

அப்படித்தான் அவர் ஜெர்லினிடம் வந்து சேர்ந்தார்.

கன்னியாகுமரிக்கு வருகிற கூட்டம் சூரியனைப் பார்க்கும், போட்டோ எடுக்கும், சங்கு வாங்கும், ரயில் ஏறிவிடும். அதற்கு மேற்கே மலை இருக்கிறது. மலை மேல் நின்றால் கடல் தெரிகிறது. அந்தப் பக்கம் யாரும் எட்டிப்பார்ப்பதில்லை. ஜெர்லின் ஆட்களைக் கூட்டிக்கொண்டு நடப்பது அந்தப் பக்கத்தில்தான். ஹோட்டல் கிடையாது. கிடைத்த இடத்தில் கஞ்சி, கிடைத்த கூரைக்குக் கீழே பாய்.

அவளுக்கு இருபத்தேழு வயது. பத்தாவது பெயில். ஆனாலும் அவளோடு நடந்து திரும்பியவர்கள் அவளை ஆசான் என்றுதான் கூப்பிட்டார்கள். ஏன் என்று கேட்டால் சிரித்தார்கள்.

மயிலானந்தன் அவளைவிட இருபத்தைந்து வயது மூத்தவர். ஆசான் என்று சொல்ல நாக்கு வரவில்லை. அம்மிணி என்றார். அவள் அண்ணாச்சி என்றாள்.

முதல் நாள் மலை உச்சிப் பாறையில் வைத்து, சும்மா இருப்பது எப்படி என்று கேட்டார்.

அவள் பாறையில் படுத்துத் தூங்கிவிட்டாள்.

அவள் எத்தனை நிமிஷம் தூங்குகிறாள் என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பத்திரண்டு.

இரண்டாம் நாள் ஓடையில் இறங்கச் சொன்னாள். இறங்கினார். நாலு முங்கு முங்கினார். ஏறி வந்து, அடுத்தது என்ன என்று கேட்டார்.

மூன்றாம் நாள் ரப்பர் தோட்டத்து ஓரம் ஒரு சாயாக்கடை. சூடாக மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும். கடையில் இருந்தவர்கள் விரலை நக்கிக்கொண்டிருக்க, இவர் பாதியில் எழுந்துபோய் மில்லுக்குப் போன் பண்ணினார்.

நான்காம் நாள் கடல் வந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் மணல், ஒரு ஆள் கிடையாது. நல்லா மெயின்டெயின் பண்றாங்க என்று பாராட்டினார்.

இன்று ஐந்தாம் நாள். சாயங்காலம் ரயில். நாளைக்கு முதல் ஷிஃப்ட்.

"இப்படியே திரும்பிப் போனா டாக்டர் சொன்னது நடந்துருமுங்க," என்றார். "நான் என்னதான் பண்ணட்டும், சொல்லுங்க."

ஜெர்லின் கடலைத் தோலைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

சற்றுத் தள்ளிக் கரமடி இழுத்துக்கொண்டிருந்தார்கள். வள்ளத்தில் போய் வலையை அரைவட்டமாகக் கடலில் விட்டுவிட்டு, அதன் இரண்டு கயிற்றையும் கரையில் நின்று இழுப்பதுதான் கரமடி. ஒரு கயிற்றுக்கு இருபது பேர். கயிற்றில் கை வைத்தவருக்கு மீனில் பங்கு உண்டு. எந்த ஊர், யார் மகன் என்றெல்லாம் கேட்க மாட்டார்கள்.

அவள் அவர் தோளிலிருந்த பையைக் கழற்றினாள். வரிசையில் ஒரு இடைவெளியில் கொண்டுபோய் நிறுத்தி, ஈரக்கயிற்றை இரண்டு கையிலும் வைத்தாள். பிறகு ஒரு வள்ளத்தின் நிழலில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

வேலை லேசானதில்லை. கடலைப் பார்த்தபடியே, இழுத்து இழுத்துப் பின்னால் நடக்க வேண்டும். வரிசையின் கடைசிக்கு வந்ததும் கயிற்றை விட்டுவிட்டு முன்னால் ஓடி, தண்ணீர் ஓரத்தில் முதல் ஆளாகப் பிடிக்க வேண்டும். மறுபடி பின்னால்.

இரண்டு சுற்று போனதும் மயிலானந்தனுக்குள் இருந்த சூப்பர்வைசர் விழித்துக்கொண்டார். இந்த ஓட்டமெல்லாம் வீண், நின்ற இடத்திலேயே கை மாற்றி மாற்றி இழுத்தால் பாதி ஆள் போதும் என்று பின்னால் நின்ற அல்போன்சாள் என்ற மீனவப் பெண்ணிடம் விளக்க ஆரம்பித்தார்.

"சாரே, பேச்சை விட்டுட்டுக் கயித்தைப் பிடியும்," என்றாள் அவள். "அந்தப் பக்கம் சிரிக்கானுவ."

அந்தப் பக்கம் மட்டுமில்லை, இந்தப் பக்கமும் சிரித்தது. அவருக்குக் கோபம் வந்தது. கோபத்தில் பலமாக இழுத்தார்.

போன் அடித்தது. மில்தான். ஒரு கையை எடுத்து பேன்ட் பாக்கெட்டில் விட்டார். கயிறு தொய்ந்தது. எதிர்க்கயிற்றுக்காரன் ஒருவன், மாப்பிள்ளையைக் காற்று வாங்கவா கூட்டிவந்தீர்கள் என்று கத்தினான். ஒரு பக்கம் தளர்ந்தால் வலையின் நடுப்பையான மடி சாய்ந்துபோகும், உள்ளே கிடக்கிற மீனெல்லாம் அந்த வழியாகப் போய்விடும் என்று அல்போன்சாள் அவர் காதோரம் சொன்னாள்.

கையைத் திரும்ப வைத்தார். போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. அதற்கப்புறம் அடித்ததா என்று அவரைக் கேட்டால் தெரியாது.

வெயில் ஏறியது.

குதிகால் மணலில் புதைந்தது. எதிரே கடல், கடலுக்கு மேலே வானம், கையில் கயிறு. முன்னால் ஓடிப் பிடிக்கும்போது ஒரு அலை வந்து அவரைப் பொத்தென்று உட்காரவைத்தது. நாற்பது பேரும் சிரித்தார்கள். வாய் நிறைய உப்புத் தண்ணீரோடு அவரும் சிரித்தார்.

உங்கள் ஊரில் கடல் உண்டா என்று அல்போன்சாள் விசாரித்தாள். இல்லை என்றார்.

"பொறவு எப்படி வாழுதிய?"

அவர் கயிற்றை இழுத்தார்.

வலை நெருங்க நெருங்க எல்லோரும் ஏதோ ஒரு வார்த்தையைச் சேர்ந்து கத்தினார்கள். அது என்ன வார்த்தை என்று அவருக்கு விளங்கவில்லை. இருந்தாலும் கத்தினார், கிட்டத்தட்ட சரியாக. சட்டை எப்போது கழன்றது என்று தெரியாது. செருப்பில் ஒன்று கடலுக்குப் போயிருந்தது.

மடி கரை ஏறியது. பாதி சொறிமீன், பாதி நெத்திலி. நெத்திலி வெள்ளியாகத் துள்ள, கயிற்றைப் போட்டுவிட்டு ஊரே அங்கே ஓடியது.

ஒருவர் மட்டும் ஓடவில்லை.

கயிற்றின் கடைசியில், காலை அகட்டிக் குதிகாலை ஊன்றி, இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்தபடி மயிலானந்தன் தனியாக நின்றுகொண்டிருந்தார். கடலைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஜெர்லின் பாவாடையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு வந்தாள்.

"ரெண்டரை மணி நேரமாச்சு அண்ணாச்சி. கையை விடுங்க."

யாரோ தெரியாதவளைப் பார்ப்பது போல் அவளைப் பார்த்தார்.

"இப்பத்தானுங்க அம்மிணி புடிச்சேன்," என்றார்.