யார் பார்த்தது?

குளத்தை ஒட்டிய காட்டில் ஒரு பழக்கம் இருந்தது. ஆபத்தைப் பார்த்த விலங்கு கத்தும். கேட்டது அடுத்ததற்குக் கத்தும். கண்மூடித் திறப்பதற்குள் சேதி காடு முழுக்கப் போய்விடும்.

ஒருநாள் அணில், "மலையெல்லாம் ஒரே சிவப்பு!" என்றது. மலையில் செக்கச்செவேலென்று புரசம்பூ பூத்திருந்ததைத்தான் சொன்னது. மைனா அதை, "மலையில் தீ!" என்றது. புள்ளிமான் அதையும் பெரிதாக்கி, "காடே எரிகிறது!" என்று கத்தியது. எல்லாம் விழுந்தடித்து ஓடின. அந்த நெரிசலில் மிதிபட்டுக் கால் ஒடிந்தது மானின் சொந்தக் குட்டிக்குத்தான்.

மறுநாள் குளத்தின் அக்கரையில் சிறுத்தை வந்து நின்றது.

"பாவம், பச்சைக் குட்டி! எல்லாம் இந்தக் கத்தலால் வந்த வினை. இனி யாரும் வாயைத் திறக்கக் கூடாது. இது என் ஆணை" என்றது. அதன் கண்ணில் தண்ணீர்கூட வந்தது.

எல்லாம் தலையாட்டின.

"உன் பிள்ளைக்காகத்தானே சிறுத்தையக்கா சொல்கிறார்" என்று மானிடம் சொன்னது மந்தி.

மானுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"முடியாது. நீங்கள் கடைசி நிமிஷத்தில்கூட ஓடித் தப்பிவிடுவீர்கள். என் மகள் இனி நொண்டித்தான் நடப்பாள். அவளுக்குச் சேதி முன்னாலேயே வந்தாக வேண்டும். கத்தியது தப்பில்லை. யார் பார்த்தது என்று கேட்காமல் கத்தினேனே, அதுதான் தப்பு."

"ஆணையை மீறினால் என்ன நடக்கும் தெரியுமா?" என்று சிறுத்தை உறுமியது.

"தெரியும். நீ வருவாய். நீ வருவதைச் சொல்லத்தான் போகிறோம்."

யாரும் மானின் பக்கம் பேசவில்லை. அது தனியாகத்தான் வீடு திரும்பியது. ஆனால் அது சொன்னது எல்லோர் மனதிலும் தங்கிவிட்டது.

இரண்டு நாள் கழித்து மைனாவின் குரல் கேட்டது. "சிறுத்தை வருகிறது!"

மான் கத்துவதற்கு வாயெடுத்தது. ஆனால் முதலில் கேட்டது: "யார் பார்த்தது?"

"அணில்! சிறுத்தை புற்றுக்குப் பின்னால் வருகிறதாம்!"

மான் அதையே, ஒரு சொல் கூட்டாமல், மந்திக்குக் கத்தியது. பிறகு குட்டியை முட்டி முட்டி மூங்கில் புதருக்குள் தள்ளிக்கொண்டு போனது. சிறுத்தை வந்தபோது புல்தரை காலியாகக் கிடந்தது.

"யார் சொன்னது?" என்று அது சீறியது.

"பார்த்தது அணில்" என்றது கிளையிலிருந்த மந்தி. "சொன்னது நாங்கள் எல்லோரும்."

சிறுத்தை பசியோடு திரும்பியது.

இணையத்தில் பொய்யும் வருகிறதே என்று அதையே அடைக்கச் சொல்பவனுக்குத் தலையாட்டாதே. யார் பார்த்தது என்று கேள், கேட்டபின் துணிந்து சொல்.