அமலி திருப்பிக் கொடுத்த பழம்

மலைச்சரிவில் இருந்த ஒரு காட்டில், குழந்தைகளே, பேரலகன் என்ற இருவாட்சிப் பறவை தன் மனைவி அமலியோடு வாழ்ந்து வந்தான். அவன் அலகு அரிவாள் போல நீண்டு வளைந்திருக்கும். கோபமும் அப்படித்தான். எடுத்தால் வெட்டுத்தான்.

முட்டையிடும் காலம் வந்தது. இருவாட்சிகளின் வழக்கப்படி அமலி ஒரு மரப்பொந்துக்குள் போய் அமர்ந்து, மண்ணும் பழச்சக்கையும் குழைத்துப் பூசி வாசலை அடைத்துக்கொண்டாள். ஒரு கீற்று இடைவெளி மட்டும் மிச்சம். அதன் வழியாகக் கணவன் ஊட்டினால்தான் அவளுக்கு உணவு. இறகுகளும் உதிர்ந்துவிட்டன. குஞ்சு வளரும்வரை அவளால் வெளியே வர முடியாது.

அந்த ஆண்டு மழை பொய்த்தது. காடு முழுவதிலும் ஓர் ஆலமரம்தான் பழுத்தது. பேரலகன் அதன் உச்சியில் காவல் இருந்தான்.

ஒரு நாள் பழத்தோடு பொந்துக்கு வந்தவன் பொரிந்து தள்ளினான். "பக்கத்து மரத்துப் பொடிப் பறவை, அந்தக் குக்குறுவான், இன்றைக்கும் நம் பழத்தைத் திருடிவிட்டான். சுண்டைக்காய் அளவு உடம்பு, திமிர் மட்டும் மலையளவு. நாளைக்கு வரட்டும், கழுத்தை முறிக்கிறேன்."

அமலி பழத்தை வாங்கிக்கொண்டாள். விழுங்கவில்லை.

"ஏங்க, அவன் வீட்டில் குஞ்சு பொரித்திருக்கிறது. பசியில் அது கத்துவது இங்கே கேட்கிறது."

"நீ உள்ளே கிடக்கிறாய். வெளியுலகம் உனக்கு என்ன தெரியும்?"

"கீற்றளவு வானம்தான் தெரியும். ஆனால் கர்த்தர் அந்த மரத்தை நமக்கு மட்டுமா பழுக்க வைத்தார்?"

"பிரசங்கம் போதும், சாப்பிடு. உனக்காகத்தானே இவ்வளவும்."

"எனக்காக என்றால் ஒன்று கேளுங்கள். என் உயிரே உங்கள் அலகில்தான் இருக்கிறது. அதே அலகால் ஒரு கழுத்தை முறித்துவிட்டு எனக்குப் பழம் நீட்டினால், நான் எப்படி வாங்குவேன்?"

சொல்லிவிட்டு, வாங்கிய பழத்தைக் கீற்றின் வழியே திருப்பி நீட்டினாள். "இதை அந்தக் குஞ்சுக்குக் கொடுங்கள்."

பேரலகன் பறந்து போயிருக்கலாம். பின்னால் வர அவளுக்கு இறகுகூட இல்லை. அவள் குரலும் உயரவில்லை. ஆனாலும் அவன் கால்கள் கிளையை விட்டு எழ மறுத்தன. காற்றுக்கும் மழைக்கும் குனியாத தன் தலை, கண்ணுக்கே தெரியாத ஒருத்தியின் மெல்லிய குரலுக்குக் குனிவதை அவன் வியப்போடு உணர்ந்தான்.

பழத்தைக் கவ்விக்கொண்டு பக்கத்து மரத்துக்குப் போனான். குக்குறுவான் சிறகை விரித்துக் குஞ்சை மறைத்து நின்றான்.

"அண்ணாச்சி, என்னைக் கொல்லுங்கள். பிள்ளையை விட்டுவிடுங்கள்."

"விலகு. இது பிள்ளைக்கு, உன் மதினி கொடுத்தாள். நாளையிலிருந்து திருடன் மாதிரிப் பதுங்காமல் நேராக வந்து தின்னு."

சில நாட்கள் கழிந்தன. சூறைக்காற்றில் முறிந்த கிளை ஒன்று பேரலகனின் சிறகில் விழுந்தது. பொந்துக்குக் கீழே தரையில் கிடந்தவன் கதறினான்.

"அமலி, என்னால் பறக்க முடியவில்லை. நீ பட்டினியில் செத்துப் போவாயே."

"பயப்படாதீர்கள். கர்த்தர் இந்தப் பொந்தை மறக்கமாட்டார்."

அப்போது இரண்டு சின்னஞ்சிறு நிழல்கள் அவனைக் கடந்து போயின. குக்குறுவானும் அவன் மனைவியும் பழத்தோடு கீற்றருகே தொற்றி நின்றார்கள்.

"மதினி, வாயைத் திறங்க. எங்கள் அலகு சின்னது. நிறையத் தடவை வருவோம்."

"அண்ணாச்சிக்கும் ஒன்று போடுங்க," என்றாள் அவன் மனைவி. "வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறார்."

பேரலகன் மேலே பார்த்தபடியே கிடந்தான். தன் தலைகூட நுழையாத அந்தக் கீற்றிலிருந்து அன்று வெளியே வந்தது ஒரே ஒரு பழம். இன்று அதே கீற்றுக்குள் பழங்கள் போய்க்கொண்டே இருந்தன.

அவன் தன் பெரிய அலகை மண்ணில் தாழ்த்தி, அவளைத் தனக்குத் தந்தவரை முதன்முறையாக நினைத்தான்.

நீதி: கர்த்தருக்குப் பயந்த பெண், அடைபட்ட இடத்தில் இருந்தாலும் கணவனின் நெஞ்சை நன்மையின் பக்கம் திருப்புவாள்.