வரதராஜுலுவின் இட்லிக் கணக்கு

"பெரிய மனுஷங்க தப்பை நாம சொல்லக்கூடாது, அது தானாவே…" என்று வேலைக்குப் புறப்பட்ட அன்று பெரியப்பா ஏதோ சொல்லியிருந்தார். மீதி செம்பியனுக்கு நினைவில்லை. இப்போது வேலையே போய்விடும்போல இருந்தது.

கோவையில் அந்த மென்பொருள் நிறுவனத்தின் முதலாளி வரதராஜுலு, ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழியில் தானே ஒரு நிரல் எழுதியிருந்தார். இணையப் பக்கத்து அட்டவணையின் கட்டங்களிலிருந்து அலுவலகக் கேன்டீனின் சாப்பாட்டு எண்ணிக்கையை எடுத்து அது கூட்டிச் சொல்லும். பயிற்சிக்கு வந்த செம்பியன் மேல்மாடிக்கு 40, கீழ்த்தளத்துக்கு 35 என்று நிரப்பினான். திரையில் வந்தது 4035.

"என் நிரல் தப்பாது! உன் அட்டவணையிலதான் தப்பு. மத்தியானத்துக்குள்ள கண்டுபிடி, இல்லேன்னா பையைத் தூக்கிட்டுக் கிளம்பு!" என்று கத்தினார் வரதராஜுலு.

இல்லாத தப்பை எங்கே போய்த் தேடுவது? செம்பியன் பணிவாகக் கேட்டான்.

"புதுசா போட்டுப் பார்க்கலாம் சார். காலையில எத்தனை இட்லி சாப்பிட்டீங்க?"

"நாலு."

"நேத்து ராத்திரி?"

"அஞ்சு. அதுக்கென்ன இப்போ?"

இரண்டையும் கட்டங்களில் போட்டு நிரலை ஓட்டினான். 45 என்று வந்தது.

கேன்டீன் மாஸ்டர் மணவாளன் எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, அத்தனையும் நீங்க ஒருத்தரேவா சாப்பிட்டீங்க?"

அலுவலகமே சிரித்தது.

"கட்டத்திலிருந்து எடுக்கறது எழுத்தாத்தான் வரும் சார். எண்ணா மாத்தாம கூட்டினா பக்கத்துல பக்கத்துல ஒட்டிக்கும்" என்று சொல்லிக்கொண்டே செம்பியன் ஒரு வரியைத் திருத்தினான். திரையில் 9 வந்தது.

"பையன் பலே ஆளுங்க!" என்றார் மணவாளன்.

வரதராஜுலு விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு நிரலின் தலைப்பில் இருந்த தன் பெயரை அழித்துவிட்டுச் செம்பியனின் பெயரைப் போட்டார்.