கசங்காத விரிப்பு

என் மூத்த மகளுக்குக் கோயிலில் முதல் கல்யாண ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை, முறுக்குக்கு மாவு சலித்துக்கொண்டே இதை எனக்குச் சொன்னவர், எங்கள் பங்குக் கோயில் பீடத்துக்குப் பூ வைக்கும் செபஸ்தியம்மாள் அக்கா. அவர் சொன்னபடியே சொல்கிறேன்.

மலையடிவாரத்தில் ஒரு கன்னியர் மடம். அதன் தலைவி மதர் இஞ்ஞாசி. வெள்ளிக்கிழமைதோறும் அவரிடம் செபம் கற்கப் போகிறவர்களில் அமலோற்பவமும் ஒருத்தி. மதரைவிடப் பத்து வயது மூத்தவள். இரண்டு பெண்பிள்ளைகளுக்குத் தாய். இருந்தும் மதர் ஒரு சொல் சொன்னால் அவளுக்கு மறுபேச்சு கிடையாது.

கடலுக்கு அப்பால் ஒரு தீவில் நிலம் நடுங்கி ஊரே மண்ணோடு போயிற்று. அங்கே தாய் தகப்பனை இழந்த பிள்ளைகள் சிலரைக் கூட்டிவந்து, ஒரு வருஷத்துக்கு ஆளுக்கொரு வீட்டில் தங்கவைத்தார்கள். அமலோற்பவம் வீட்டுக்கு வந்தவள் மரீட்டா. ஒன்பது வயது.

ஏழாம் மாதம் ஒரு காலையில், மரீட்டாவைக் கூட்டிக்கொண்டு, அவள் பெட்டியோடு அமலோற்பவம் மடத்துக்கு வந்து நின்றாள். மதர் முற்றத்தில் துவரம்பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"மதர், இவளை இங்க விடுதியில சேர்த்துக்குங்க. என்னால முடியல."

"என்ன செஞ்சா?"

"ஒண்ணும் செய்யல. அதுதான் கஷ்டமே. தலையைத் தடவினாக்கூட கட்டையாட்டம் நிக்கிறா. அம்மான்னு கூப்பிட வேண்டாம், 'ஏய்'னாவது கூப்பிடலாம்ல? எங்களோட ஒட்டவே இல்ல. இதுல, என் பிள்ளைங்க ரெண்டு பேர் தலையிலயும் பேன் வேற. மாமியார் ஊரைக் கூட்டுறாங்க."

மரீட்டா பெட்டியின் மேல் உட்கார்ந்து தரையைப் பார்த்தாள்.

மதர் ஒரு கல்லை எடுத்துப் போட்டார். "பேன் இவகிட்டயிருந்துதான் வந்துச்சா?"

"வேற யாரு? வகுப்புல யார்கிட்டயோ வாங்கிட்டு வந்தா. என் பிள்ளைங்களுக்கு வேற பள்ளிக்கூடம்."

"எங்க படுக்கிறா?"

"தனி ரூம், மதர். புதுக் கட்டில், புது மெத்தை. என் பிள்ளைங்க கூடத்துல பாயிலதான் கிடக்குதுங்க. இவளுக்குத் துண்டு தனி, தட்டு தனி. ஒரு குறை வைக்கல."

"அப்ப பேன் கதவைத் தட்டிக்கிட்டுப் போச்சா, அக்கா?"

அமலோற்பவம் சிரிக்கப் போனாள். சிரிப்பு பாதியில் நின்றது.

தினமும் காலையில் மரீட்டாவின் மெத்தை விரிப்பு ஒரு கசங்கல் இல்லாமல் இருக்கும். எழுந்ததும் சரிபண்ணி வைத்துவிடுகிறாள், என்ன ஒழுங்கான பிள்ளை என்று அமலோற்பவமே மாமியாரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். விடிகிற நேரம் கூடத்தில் சின்னவள் "தள்ளிப் படுடி, எருமை" என்று முனகுவதும் காதில் விழுந்ததுதான். அக்காளைத் திட்டுகிறாள் என்று இருந்துவிட்டாள்.

மதர் பிள்ளையின் பக்கம் திரும்பினார். "கட்டில் நல்லா இல்லையா, மரீட்டா?"

"கட்டில் நல்லா இருக்கு. ஆள் இல்ல."

சொல்லிவிட்டுச் சட்டென்று எழுந்து வந்து அமலோற்பவத்தின் முந்தானையைப் பிடித்தாள். "இனி பாய்க்குப் போக மாட்டேன். கட்டில்லயே படுக்கிறேன். பெட்டியை வீட்டுக்குக் கொண்டு போகலாம்."

ஏழு மாதத்தில் அவள் பேசியதிலேயே அதுதான் நீளமான பேச்சு.

அமலோற்பவம் மதர் பக்கம் திரும்பினாள்.

"இவ எப்ப எங்க வீட்டுப் பிள்ளை ஆவான்னு தினமும் முழங்கால் போட்டுக் கேட்டேன், மதர். இப்ப நான் என்ன செய்யணும்?"

மதர் பருப்புச் சுளகை இறக்கி வைத்துவிட்டு உள்ளே போனார். ஒரு சீசா வேப்பெண்ணெயும் ஒரு பேன்சீப்பும் கொண்டுவந்து அவள் கையில் வைத்தார்.

"ஒண்ணுதானா மதர்? மூணு தலையாச்சே."

"மூணு பேரையும் ஒரே பாயில உட்கார வைங்க, அக்கா. ஒரு சீப்பு போதும்."

இதைக் கேட்டவர்கள், மரீட்டாவைப் பெற்றவர்களுக்காக ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லுங்கள்.