டிக்கி நிறையக் கருவேல விறகு

கோயம்புத்தூருக்குத் தெற்கே ஒரு ரேஸ் டிராக். மூன்று நாள் பைக் போட்டி. பார்க்க வந்தவர்கள் பக்கத்து மைதானத்திலேயே கூடாரம் அடித்துத் தங்கிக்கொள்ளலாம். அங்கே தீப் பாதுகாப்பைப் பார்ப்பது ரங்கநாயகியின் வேலை. போன வருஷம் யாரோ விட்டுப்போன தீயிலிருந்து ஒரு பொறி பறந்து மூன்று கூடாரம் கருகிப்போக, மேலதிகாரியிடம் திட்டு வாங்கியது அவள்தான்.

சாயங்காலம் ஐந்தரைக்கு அவள் சுற்றி வந்தபோது, குழந்தைவேலு தன் கார் டிக்கியிலிருந்து கருவேல விறகை இறக்கிக்கொண்டிருந்தார். சுற்றிலும் பத்துப் பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"அண்ணா, வெளி விறகு ஆகாதுங்க. அதுல இருக்கற வண்டு இங்கத்த மரத்துக்கெல்லாம் பரவிரும். வாசல் கேட்டுல நாங்க குடுக்கற விறகைத்தான் எரிக்கோணும். அதுவும் இரும்புத் தொட்டிக்குள்ள, முழங்கால் உசரத்துக்குத்தான்."

"வண்டா? என் பேரைச் சொன்னாப் போதும் அம்மணி, விறகை விட்டு இறங்கி நடந்தே பொள்ளாச்சி போயிரும்," என்றார் குழந்தைவேலு. "முழங்கால் உசரமெல்லாம் பீடி பத்த வைக்கறதுக்குங்க. மலையடிவாரத்துல ஒரு ரேஸ்ல நான் மூட்டினது பனைமர உசரம். அந்த வெளிச்சத்துலதான் வண்டியே ஓட்டினாங்க."

"ரேஸ் பகல்லதானேண்ணா?" என்றார் டயர் கடை அந்தோணிசாமி.

"பகல்தானப்பா. சூரியன் என் தீயைப் பார்த்துட்டு, வெக்கப்பட்டு மத்தியானமே இறங்கிருச்சு. அப்பறம் வெளிச்சத்துக்கு எங்க போறது?"

எல்லோரும் சிரித்தார்கள். குழந்தைவேலு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்.

"அந்த வெக்கையில தார் உருகி, டிராக் அப்படியே இழுத்துக்கிட்டுப் போச்சு. கடைசி ரவுண்டு ஓட்டினவன் பாலக்காட்டுல போய்த்தான் கொடியைப் பார்த்தான். பரிசு குடுக்க மலையாளத்துல பேச ஆள் தேடினோம்னாப் பாருங்களேன்!"

"ஆகாசத்துக்கு ஒண்ணும் ஆகலியா?" என்றார் அந்தோணிசாமி.

"ஆகாமயா? மேல போன விமானத்துல இருந்து பைலட் தலையை நீட்டி, 'அண்ணா, கொஞ்சம் தணிங்க, பயணிகளுக்குக் குடுத்த இட்லி மறுபடியும் வேகுது'ன்னு கத்தினார்."

ரங்கநாயகிக்கும் சிரிப்பு முட்டியது. உதட்டைக் கடித்துக்கொண்டு கையிலிருந்த படிவத்தில் ஏதோ எழுதினாள். "பக்கத்துல தண்ணி வாளி வச்சிருந்தீங்களாண்ணா?" என்று தன்மையாகக் கேட்டாள்.

"தண்ணி எதுக்குங்க? தீயை அப்படியே எரிய விட்டுட்டு ஊருக்குப் போனேன். ஒரு கல்யாணத்துல மூணு நாள் சாப்பிட்டேன். திரும்பி வந்து ஒரே ஒரு ஏப்பம். தீ அணைஞ்சுது. சாம்பல் கூட ஜில்லுன்னு இருந்துச்சு."

ரங்கநாயகி எழுதி முடித்துவிட்டு வாசித்தாள். "வெளி விறகு. பனைமர உசரம். தண்ணி வாளி இல்லை. ஆளில்லாம மூணு நாள். ஒரு தப்புக்கே இன்னிக்குத் தீ கிடையாது. நீங்க நாலு சொல்லிட்டீங்க. கையெழுத்துப் போடுங்கண்ணா."

குழந்தைவேலு அவள் பக்கமாகக் குனிந்தார். "அம்மணி, அது சும்மா பேச்சுக்குங்க."

"அப்ப ஒரு தொல்லையும் இல்லீங்க. 'நான் சொன்னது பூரா புளுகு'ன்னு கீழ எழுதி, இவங்களுக்குக் கேக்கற மாதிரி ஒருக்கா வாசிச்சிருங்க. வாசல் கேட்டுல இருக்கற விறகை நானே தூக்கிட்டு வந்து தர்றேன்."

பத்து நாற்காலியும் ஒரே சமயத்தில் முன்னால் நகர்ந்தன. அந்தோணிசாமி நன்றாகக் கேட்கக் காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டார்.

குழந்தைவேலு காகிதத்தைப் பார்த்தார். விறகைப் பார்த்தார். பத்து முகங்களையும் பார்த்தார். பேனாவை வாங்கி, புளுகு என்று ஒரு எழுத்துக்கூட எழுதாமல், நாலு தப்புக்கும் அடியில் பெரிதாகக் கையெழுத்துப் போட்டார். கூட்டம் கைதட்டியது. அவரே விறகை வாரி மறுபடி டிக்கியில் போட்டுப் பூட்டி, சாவியை அவளிடம் நீட்டினார்.

அவள் கிளம்பும்போது கூப்பிட்டார். "அம்மணி, ஒரு திருத்தம். மூணு நாள் இல்லீங்க. அந்தக் கல்யாணம் ஏழு நாள் நடந்துச்சு."

ரங்கநாயகி நின்று, அடித்துத் திருத்தினாள்.

"அப்ப நாளைக்கும் தீ கிடையாதுங்கண்ணா."